திறவுகோல் யாரிடம்?

அன்புள்ள ஐயா,

நான் கணினி அறிவியல் முதுகலை மாணவி. குழுக் கையெழுத்து பற்றி ஆய்வு செய்கிறேன். இந்த டிஜிட்டல் கையெழுத்து ஒரு குழுவில் யாரோ ஒருவருடையது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும், யாருடையது என்று தெரியாது. என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியின் ஒரு துண்டையும் ஒரு குழாய் ரத்தத்தையும் மரபணு ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் வெளியே போனால் அக்காவின் கல்யாணம் தடைபடும் என்று அம்மா மறுக்கிறார். அநாமதேயக் கையெழுத்து நடைமுறைக்கு வந்தால் இந்தப் பயம் தீர்ந்துவிடும் அல்லவா? அப்புறம், புற்றுநோய்க்கு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டு கம்பெனிகள் மறைத்து வைத்திருக்கின்றன என்கிறார்களே, உண்மையா?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். உண்மை இல்லை. மார்பகப் புற்றுநோயே ஒரே நோய் அல்ல. ஹெர்2 புரதம் மிகுந்த கட்டிக்குக் கொடுக்கும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து மற்ற பல கட்டிகளில் வேலை செய்யாது. ஒளித்துவைக்க ஒற்றை மருந்து எங்கே இருக்கிறது? அம்மா சிகிச்சையில் இருக்கும் வீட்டுக்குள் இந்த வாட்ஸப் பேச்சை விடாதீர்கள்.

உங்கள் துறைக்கு வருகிறேன். டேவிட் சாமும் வான் ஹெய்ஸ்டும் 1991இல் குழுக் கையெழுத்தை முன்வைத்தபோதே, தகராறு வந்தால் அதைத் திறந்து ஆளைக் கண்டுபிடிக்க வழி வைத்தார்கள். ரிவெஸ்டும் ஷமீரும் டாமனும் 2001இல் கொண்டுவந்த வளையக் கையெழுத்தில் திறப்பவரே கிடையாது. இரண்டும் அழகான கணிதம். ஆனால் அவை மறைப்பது கையெழுத்துப் போட்டவரை மட்டும். கையெழுத்துக்கு மேலே இருக்கிற செய்தியே உங்கள் அம்மாவின் மரபணு வரிசை என்றால்? 2013இல் யானிவ் எர்லிக் என்ற மரபணு ஆய்வாளரின் குழு, பெயர் நீக்கிப் பொதுவில் வைக்கப்பட்ட மரபணுத் தரவில் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமின் சில குறிகளை எடுத்து, வம்சாவளித் தளங்களில் குடும்பப் பெயரைத் தேடி, வயதையும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்து, ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டது. எந்தப் பூட்டையும் அவர்கள் உடைக்கவில்லை.

பெயரை மறைத்துவிட்டால் நோயாளிக்குப் பாதுகாப்பு என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவே இல்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸின் பெயரும் மறைக்கப்பட்டதுதான். 'ஹெலன் லேன்' என்ற பெயர் வருடக்கணக்கில் உலவியது. அவரிடம் கேட்காமல் எடுத்த செல்கள் ஹீலா என்ற பெயரில் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ந்தன. அந்தச் செல்களுக்குள் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் 18ஆம் வகை இருக்கிறது. அதன் ஈ6 புரதம், செல்லைக் கட்டுக்குள் வைக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது. இதையெல்லாம் உலகம் படித்துக்கொண்டது. குடும்பத்துக்கோ செல்கள் உயிரோடிருப்பதே 1970களில்தான் தெரிந்தது. 2013 மார்ச்சில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் விஞ்ஞானிகள் ஹீலாவின் மரபணு வரிசையைப் பொதுவில் போட்டபோதும் யாரும் குடும்பத்தைக் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு தரவை விலக்கினார்கள். அந்த ஆகஸ்டில்தான், அதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தினர் இருவருக்கு இடம் கிடைத்தது. பெயரை மறைத்தவர்களும் பிறர், திறந்தவர்களும் பிறர். அறுபது வருடத்துக்கு மேல் சாவி அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை.

என் சித்திக்கும் இதே நோய்தான். ஆஸ்பத்திரி ஃபைலின் மேல் கறுப்பு மார்க்கரில் 'சிஏ பிரெஸ்ட்', அதாவது மார்பகப் புற்றுநோய், என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சித்தி அதற்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'வீட்டுவரி ரசீதுகள்' என்று எழுதிவைத்தாள். அடுத்த தடவை போனபோது வார்டு உதவியாளர் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி பெயரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிட்டார். எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு சித்தி அந்தப் பக்கமே போகவில்லை. எவ்வளவு கெஞ்சியும் போகவில்லை. அவள் பிரவுன் தாளில் செய்துவைத்திருந்த பாதுகாப்பு அவளுடையது. அதைக் கிழிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அம்மாவின் பயத்தைத் தீர்க்க ஒரு கணிதம் தேடுகிறீர்கள். அந்தப் படிவத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கட்டியில் இருக்கும் பிறழ்வுகளில் பெரும்பாலானவை கட்டிக்குள்ளேயே தோன்றியவை. பிள்ளைகளுக்குப் போகக்கூடியது அவர்கள் கேட்கும் அந்த ஒரு குழாய் ரத்தத்தில் தெரியும். மார்பகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 போன்ற மரபணுவில் அம்மாவுக்குப் பிறவிப் பிறழ்வு இருந்தால், அது உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் அக்காவுக்கும் அப்படியே. எனவே அக்காவையும் கூட்டிவைத்துப் பேசுங்கள். கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மாதிரிக்குப் போடும் எண்ணையும் அம்மாவின் பெயரையும் இணைக்கும் பட்டியல் யாரிடம் இருக்கும்? நாளைக்கு அம்மா மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா? ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வார்கள்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். அதையெல்லாம் கேட்ட பிறகும் அம்மா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், சிகிச்சைக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. கீமோ தொடங்கிவிட்டதா? அம்மா சாப்பிடுகிறாரா? அதை எழுதுங்கள்.