இலை விழும்போது வடகம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் பிறந்து வளர்ந்தது இங்கே மலேசியாவில், கிள்ளானில். கல்யாணமாகி சுங்கை சிப்புட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய வீடு. அத்தைக்கு எழுபது வயது நெருங்குகிறது. முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். எந்த மாதம் என்ன வேலை என்று அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் உட்காரவைத்துக் கேட்டால் விளக்கமாக வராது. "வேளை வரும்போது சொல்றேன்" என்பார்கள்.

சித்திரை வெயிலில்தான் வடகம் போடவேண்டும் என்று யூடியூப்பில் தமிழ்நாட்டு அம்மா ஒருவர் சொன்னார். அதைப் பார்த்து ஏப்ரலில் நானே கூழ் காய்ச்சி ஊற்றினேன். மூன்றாம் நாளே பூஞ்சை பூத்துவிட்டது. அத்தை திட்டவில்லை. "இலை விழும்போது போடணும்மா" என்று மட்டும் சொன்னார்கள். எங்களைச் சுற்றி இருப்பதெல்லாம் செம்பனை. எந்த இலை, எப்போது விழுகிறது?

எல்லாமே கடையில் கிடைக்கிறதே, எதற்கு இந்த வேலை என்கிறார் வீட்டுக்காரர். எனக்குக் கற்றுக்கொள்ள ஆசைதான். ஆனால் கற்றுக்கொண்டால் எல்லாம் என் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. கடைசியாக ஒன்று. பூத்த வடகத்தைத் துடைத்துத் திரும்பக் காயவைத்து டப்பாவில் வைத்திருக்கிறேன். பொரித்தால் சரியாகிவிடும் அல்லவா?

பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது காத்திருக்கக்கூடாது. அந்த டப்பாவைத் திறந்து வடகத்தை அப்படியே குப்பையில் கொட்டிவிடுங்கள். கோழிக்கும் போடவேண்டாம். மேலே தெரிகிற பூஞ்சையைத் துடைத்துவிடலாம். அது உள்ளே விட்டுப்போன நஞ்சைத் துடைக்க முடியாது. அரிசி, நிலக்கடலை, மிளகாய் இவற்றில் பிடிக்கும் சில பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது முழுதாகப் போகாது. கல்லீரலைத்தான் தாக்கும். 1988 அக்டோபரில் நம் பேராக் மாநிலத்திலேயே நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகளின் உடலில் இந்த நஞ்சு இருந்தது. ஒரு படி அரிசி போனால் போகட்டும்.

சரி, இலைக்கு வருவோம். அத்தை சொன்னது பால்மரத்து இலை. ரப்பர் மரம் வருடத்துக்கு ஒரு முறை இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தை கடைசியில் இலை மஞ்சளும் சிவப்புமாகப் பழுக்கத் தொடங்கும். மாசியில் மர நிரை நெடுகக் காலடியில் சரசரக்கும். அப்புறம் புதுத்தளிர் வரும். மழை குறைந்து காற்று வறண்டு கிடக்கிற மாதங்கள் அவை; மரம் இலையை உதிர்ப்பதே அதனால்தான். வடகம் காய்வதற்கும் அதே வறட்சிதான் வேண்டும். தோட்டத்துப் பெண்களுக்கு நாள்காட்டி தேவைப்படவில்லை, வேலைக்குப் போகிற வழியில் மேலே பார்த்தால் போதும். செம்பனை அப்படி இலை கொட்டாது. வருடம் முழுக்கக் குலை தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டைச் சுற்றி மரம் மாறிவிட்டது, அத்தையின் கணக்கு மாறவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது சிறுதோட்டக்காரர் இன்னும் பால்மரம் வைத்திருந்தால் ஜனவரி கடைசியில் ஒரு நடை போய்ப் பாருங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு.

அந்தத் தமிழ்நாட்டு அம்மா சொன்னதிலும் தப்பில்லை. அங்கே சித்திரை, வைகாசி கத்திரி வெயில். நம் மேற்குக்கரையில் ஏப்ரலும் மேயும் மழை மாதங்கள். வருடத்தில் இரண்டு தடவை இங்கே மழை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் இன்னொன்று. ஏப்ரலில் ஆளை ஏமாற்றுவது காலை வெயில். எட்டு மணிக்கே சுள்ளென்று அடிக்கும், இன்றைக்குக் காய்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் கருத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். கூழ் வடகத்துக்கு விட்டுவிட்டு வருகிற வெயில் உதவாது. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் முழு வெயில் வேண்டும்.

இதில் வெயிலைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது: சம்பளம். இலை விழும் மாதங்களில் மரத்தில் பால் குறையும். வெட்டினாலும் பால் வடிகிற கிண்ணமான மங்கு நிறையாது. பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு கஷ்டம். பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. வெட்டியபின் மழை வந்தால் மங்கில் இருக்கிற பால் தண்ணீரோடு போய்விடும். ஆக வருடத்தில் இரண்டு தடவை வீட்டில் காசு முடை. முதல் முடையில் வெயில் இருந்தது, பெண்களுக்குக் கொஞ்சம் நேரமும் கிடைத்தது. அதில் செய்து வைத்த வடகத்தையும் மோர் மிளகாயையும் கருவாட்டையும் இரண்டாவது முடையில் எடுத்துப் பொரித்தார்கள். மழைநாளில் ஒரு ரசம், நாலு வடகம், அன்றைய சமையல் முடிந்தது. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது நெல் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களின் பேச்சு. பால்மரம் வெட்டிய வீட்டில் தையும் மாசியும் செலவை இறுக்கிப் பிடிக்கவேண்டிய மாதங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டு வேலைகளில் நாம் செய்வதெல்லாம் ஊரிலிருந்து அப்படியே கொண்டுவந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ரப்பர் மரம் பிரேசில் நாட்டு மரம். உங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்த மரத்தை நம்பி நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். வந்த இடத்தில் மழை வேறு, வெயில் வேறு, சம்பளம் வருகிற மாதம் வேறு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லிக்கொண்டு இங்கே ஆடியில் விதைத்தால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். ஜூன், ஜூலை நமக்கு மழை குறைந்த காலம். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, கையில் இருந்த பழைய வேலைகளை இந்த மண்ணுக்கு மாற்றி அடுக்கியவர்கள் நம் பாட்டிகள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அவர்களில் உண்டு. பஞ்சாங்கம் நல்ல நேரம் சொல்லும், சுங்கை சிப்புட்டில் வடகம் எப்போது காயும் என்று சொல்லாது. அது உங்கள் அத்தையிடம்தான் இருக்கிறது. யூடியூப்பில் கிடைக்காது, கடையிலும் கிடைக்காது. அதனால் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அடுத்த முறை வடகம் போடும்போது கவனிக்கவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அரிசியை முந்தின நாள் ஊறப்போட்டு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். உப்பு, சீரகம், அரைத்த பச்சைமிளகாய் சேர்த்து விடியுமுன்பே கூழ் கிண்டி முடித்துவிடவேண்டும். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காய்ந்தபின் தூக்கலாகத் தெரியும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து பாய் மேல் விரித்து, அதில் கரண்டியால் ஊற்றுங்கள். காய்ந்த துணியில் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் துணியைப் புரட்டி, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் பிசிறில்லாமல் உரிந்து வரும். அதன்பின் தட்டில் போட்டு, திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இங்கே ராத்திரிக் காற்றில் அவ்வளவு ஈரம். வெளியே கிடந்தால் பகலெல்லாம் காய்ந்தது அந்த ஈரத்தைத் திரும்பக் குடித்துக்கொள்ளும். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

தீபாவளிக்கு மசாலா அரைப்பதிலும் இதே ஈரத்தோடுதான் மல்லுக்கட்டு. பண்டிகை வருவதே நல்ல மழையில். அதனால் விவரமான வீடுகளில் மல்லியையும் மிளகாயையும் மஞ்சளையும் ஆடி வெயிலிலேயே காயவைத்துக்கொள்வார்கள். மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், காம்பு கிள்ளினால் படக்கென்று ஒடியவேண்டும். டவுன் மில்லில் அரைத்ததும் தூள் கை பொறுக்காத சூட்டில் வரும். அவசரப்பட்டு அதை அப்படியே டின்னில் அடைத்துவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தாளில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு அப்புறம் அள்ளுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் தூளில் சொட்டும். கட்டி தட்டுவதும் பூப்பதும் அங்கேதான் ஆரம்பம். முறுக்கையும் அச்சு முறுக்கையும் ஆறவிட்டு மைலோ டின்னில் அடைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பாக்கெட் மசாலா வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். வேலைக்குப் போகிற வீட்டில் அதுதான் கைகொடுக்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். அத்தை வயதுப் பெண்கள் இருட்டிலேயே எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்து ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டு, காலை ஆளெடுப்பான பெரட்டில் பேர் கொடுத்து, ஆண்களுக்குச் சமமாக மரம் வெட்டிப் பால் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து இந்த வேலைகளையும் அவர்களே செய்தார்கள். 'எங்கம்மா எவ்வளவு உழைச்சாங்க தெரியுமா' என்று பெருமை பேசுகிற ஆண்கள் அன்றைக்கு ஒரு வாளி தூக்கிக் கொடுத்தார்களா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பாரத்தை நீங்கள் மறுபடி முழுசாகத் தூக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வடகம் ஒரு கிலோ போடுங்கள், போதும். மழைக்கு முன்னால் லோங்காங்கில் (வடிகாலில்) அடைத்திருக்கிற மண்ணையும் சருகையும் வாருவது, கூரையில் தகரம் பார்ப்பது, மாவு மில்லுக்கு மூட்டை தூக்குவது, இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

அவருக்கு வாராவாரம் செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. தோட்டத்துப் பக்கத்து வீடுகளில் பழைய பால் மங்குகளில் செடி வைத்திருப்பார்கள், கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் வாளி, டயர் எல்லாம் இருக்கும். டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் ஆகாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைத்தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யச் சொல்லுங்கள்.

அத்தை விளக்கமாகச் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் மறைக்கவில்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கு வேலை கையில் இருக்கும்போதுதான் வாயில் வரும். சோபாவில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அவர்கள் மிளகாய் காம்பு கிள்ளும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுங்கள். "எந்த மாசம் செய்யணும்" என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். "அப்போ தோட்டத்துல என்ன வேலை நடந்துச்சு?", "சம்பளம் கம்மியான மாசம் என்ன சமைச்சீங்க?", "மழையில ஒட்டுப்பால் நாத்தத்தோட துணி எப்படிக் காயவெச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய கணக்கு முழுக்கத் தோட்டத்து வேலையோடு பின்னியிருக்கிறது, அந்த வழியாகப் போனால் தானாக வரும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், அன்றைக்கு மழையா வெயிலா என்றும் ஒரு வரி சேர்த்து.

கருவாடு பற்றியும் மறக்காமல் கேளுங்கள். இந்த ஊர் ஈரத்தில் மீனைப் புழு வைக்காமல் காயவைக்க அவர்கள் என்ன செய்தார்கள், உப்பு எவ்வளவு போட்டார்கள், எங்கே தொங்கவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. எங்கள் வீட்டில் அதைச் செய்தவர்கள் யாரும் இப்போது இல்லை. கிடைத்ததை எழுதி அனுப்புங்கள். அத்தை சரி என்றால் இங்கே எல்லாரும் படிக்கப் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா