ஏற்காட்டுப் பெரியம்மாவுக்கு மூன்று நாளில் செய்யக்கூடிய பரிசு

வணக்கம் சகோ. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, சேலத்தில் இருந்தபடி ஏற்காட்டுப் பெரியம்மாவுக்குக் கையாலேயே ஏதாவது செய்ய வேண்டும், அவருக்குத் தோட்டம்தான் உலகம் என்று எழுதியிருந்தீர்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று செடிக்கான இயற்கை ஊக்கிகளைச் சிலர் சொல்லியிருப்பது நல்ல யோசனைதான், ஆனால் அவை தயாராக வாரக்கணக்கில் ஆகும்.

என் ஓட்டு கைத்தைலத்துக்கு. மண்ணிலும் குளிரிலும் வேலை செய்கிற கைக்கு வெடிப்புதான் பெரிய தொல்லை. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு 20 கிராம், செக்குத் தேங்காய் எண்ணெய் 80 கிராம் வாங்குங்கள். மெழுகைச் சீவி எண்ணெயோடு ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் மட்டும் வைக்க வேண்டாம், மெழுகு தீப்பிடிக்கும். நன்றாக உலர்ந்த சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் சரி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே தானே உறைந்துவிடும், அதனால் மலைக்கு இந்த அளவு மெழுகு போதும். சேலத்து வெயிலுக்கு என்றால் மெழுகை 25 கிராம் ஆக்குங்கள்.

கூடவே வீட்டுக் கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, பழைய காலண்டர் தாளில் மடித்துக் கொடுங்கள். வறுத்த மல்லி முளைக்காது, பார்த்து எடுங்கள். அப்புறம், விதைக்கும் ஆழம் அரை அங்குலம் என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதிவிடுங்கள். பெரியம்மா கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்வார்.