வெப்சைட் பில்டரில் செய்த தளம் கூகுளில் முன்னால் வருமா? பூம்பாறையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்துக்குள் இரண்டு அறைகள் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம், காப்பித்தூளும் மிளகும் விற்கிறோம். ஒரு வெப்சைட் பில்டரில் (நிரல் எழுதத் தெரியாமலே தளம் கட்ட உதவும் இணையக் கருவி) நானே தளம் செய்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் பெயரைத் தேடினால்கூடக் கூகுளில் வருவதில்லை. பில்டரில் செய்த தளம் தரவரிசையில் ஏறவே ஏறாது, 45,000 ரூபாய்க்கு வேர்ட்பிரஸ் என்ற வேறொரு மென்பொருளில் புதிதாகச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். மாறிவிடலாமா?

மாற வேண்டாம், இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். இதே பேச்சை என்னிடமும் ஒருவர் பேசினார், நான் நம்பினேன், பணமும் கொடுத்தேன். அதனால்தான் பூண்டு பிடுங்கும் நேரத்திலும் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே, பூம்பாறையில். என் மாமனார் காலத்திலிருந்தே பூண்டை மூட்டை கட்டி வடுகபட்டி கமிஷன் மண்டிக்கு அனுப்பி, அங்கே சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, சமைக்கிறவர்களுக்கே நேராக விற்றால் என்ன என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது. 2021 கடைசியில் என் கொழுந்தனார் மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு வெப்சைட் பில்டரில் எங்களுக்குத் தளம் செய்து கொடுத்தான். பார்க்க அழகாக இருந்தது. எட்டு மாதத்தில் கூகுள் வழியாக ஒரு ஆர்டர்கூட வரவில்லை. வந்த நாலைந்தும் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பால் வந்தவை.

அப்போதுதான் கீழ்நாட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். பில்டரில் கட்டிய தளத்தைக் கூகுள் மதிக்காது என்றும், நூறு தளங்களிலிருந்து இணைப்பு வாங்கிக் கொடுத்தால் முப்பது நாளில் முதல் பக்கம் உறுதி என்றும் சொல்லி 18,000 ரூபாய் கேட்டார். இரண்டு தவணையாகக் கொடுத்தேன். பதிலுக்கு வந்தது ஓர் எக்செல் பட்டியல். அதிலிருந்த இணைப்புகளில் ஒன்றுகூடப் பூண்டையோ சமையலையோ பற்றிப் பேசும் தளத்திலிருந்து வந்ததில்லை. எங்கள் முதல் பக்கத்தின் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியில், அதாவது பார்ப்பவர் கண்ணில் படாமல் தேடுபொறிக்கென்று சொற்களை எழுதும் இடத்தில், அறுபது சொற்களை நிரப்பியிருந்தார். அந்தப் பகுதியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய இணைப்புகள் தன் விதிக்குப் புறம்பானவை என்பதையும், முதலிடத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதையும் கூகுள் தன் உதவிப் பக்கங்களில் எழுதியே வைத்திருக்கிறது. அவற்றை நான் முதலில் படித்திருந்தால் அந்தப் பணம் விதைப்பூண்டுக்கு ஆகியிருக்கும்.

பில்டரைப் பற்றிய இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. சில பில்டர்கள் பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கொண்டு உலாவியில்தான் வரைந்தன; பக்க முகவரிகளில் ஹேஷ் குறியும் ஆச்சரியக்குறியும் வந்தன. அப்படிப்பட்ட பக்கங்களைப் படிக்க 2009-இல் தனி ஏற்பாடு ஒன்றை அறிவித்த கூகுள், அப்பக்கங்களைத் தன்னாலேயே படிக்க முடிகிறது என்று 2015-இல் அதைக் கைவிட்டது. இன்றைய பில்டர்களில் தலைப்பு, விவரிப்பு, பக்க முகவரி எல்லாவற்றையும் நாமே மாற்றலாம். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப்பும் பாதுகாப்புச் சான்றிதழும் தாமாகவே உருவாகிவிடுகின்றன. வேர்ட்பிரஸில் கட்டுப்பாடு அதிகம் என்று இங்கே மென்பொருள் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயிரம் பொருள் விற்கும் கடைக்கு அது வேண்டியிருக்கும். இரண்டு அறைக்கும் காப்பித்தூளுக்கும் மிளகுக்கும் வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்வது.

எங்கள் தளத்தில் என்ன கோளாறு என்பது 2022 ஐப்பசி மழையில் தோட்ட வேலை நின்றிருந்த ஒரு வாரத்தில்தான் தெரிந்தது. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசமானது. தளம் நம்முடையதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டால், எந்தப் பக்கத்தைக் கூகுள் சேர்த்திருக்கிறது, எதைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டும். எங்கள் தளத்தில் பதினொரு பக்கங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஏழு, பில்டர் தரும் ஆயத்த வடிவமைப்பான டெம்ப்ளேட்டோடு வந்து நாங்கள் அழிக்க மறந்த மாதிரிப் பக்கங்கள். மெனுவிலிருந்து எடுத்துவிட்டதால் பக்கமே போய்விட்டது என்று நினைத்திருந்தோம். யோகா வகுப்பின் கட்டண விவரம் என்று ஒரு பக்கம் எங்கள் பெயரில் கூகுளில் இருந்தது. பூண்டு விற்கும் பக்கமோ சேரவே இல்லை. காரணம் என்று கன்சோல் காட்டியது, இந்தப் பக்கத்தைச் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியை. தளம் கட்டி முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று பையன் அந்தப் பக்கத்தில் தேடுபொறிக்கான பொத்தானை அணைத்து வைத்திருக்கிறான், திரும்பப் போடவில்லை. எட்டு மாதமும் நாங்களே கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆள் வரவில்லை என்று வருந்தியிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய தவறு முதல் பக்கத்தில் இருந்தது. ஊர்ப் பெயர், பூண்டின் பெயர், விலை, தொலைபேசி எண் எல்லாம் ஒரே போஸ்டர் படத்துக்குள் இருந்தன. நம் கண்ணுக்கு அது எழுத்து. தேடுபொறிக்கு அது பெயரில்லாத ஒரு படம். படத்துக்கு வெளியே பக்கத்தில் எழுத்தாக இருந்தவை 'வணக்கம்', 'வருக' என்ற இரண்டு சொற்கள் மட்டும். பக்கத்தின் தலைப்பு 'முகப்பு'. உலகத்தில் எத்தனை தளங்களுக்கு முகப்பு என்று தலைப்பிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் 'கொடைக்கானல் மலைப்பூண்டு – பூம்பாறைத் தோட்டத்திலிருந்து நேரடி விற்பனை' என்று மாற்றினேன். போஸ்டரை எடுத்துவிட்டு அதிலிருந்ததையெல்லாம் எழுத்தாகத் தட்டினேன். மாதிரிப் பக்கங்களை அழித்தேன். அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு, பூண்டுப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்லி கன்சோலில் விண்ணப்பித்தேன். பத்து நாளில் சேர்ந்துவிட்டது.

ஆனால் சேர்வது வேறு, முன்னால் வருவது வேறு. 'மலைப்பூண்டு' என்று தேடினால் ஆறாவது, ஏழாவது பக்கத்தில்தான் நாங்கள் இருந்தோம். இதில் இரண்டு விஷயங்கள் தடையாக இருந்தன. ஒன்று, கைப்பேசிப் பதிப்பு. கூகுள் ஒரு தளத்தை மதிப்பிடும்போது கைப்பேசியில் தெரியும் பதிப்பையே முதன்மையாகக் கொள்கிறது. பல ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்த இந்த மாற்றம் 2023-இல் முழுமை பெற்றது. எங்கள் பையன் சின்னத் திரையில் நெரிசலாக இருக்கிறது என்று, நான் எழுதிய பத்திகளைக் கைப்பேசிப் பதிப்பில் மட்டும் மறைத்துவிட்டிருந்தான். நாங்கள் பயன்படுத்தும் பில்டரில் அப்படி மறைத்தால் கைப்பேசிப் பக்கத்தில் அது இல்லாமலே போய்விடுகிறது. நான் கணினியில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த எழுத்தைக் கூகுள் பார்க்கவே இல்லை. உங்கள் தளத்தை உங்கள் கைப்பேசியில் அல்ல, அதை முன்பு திறந்திராத வேறொருவர் கைப்பேசியில் வைஃபையில் இணைக்காமல் திறந்து, ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள்.

மற்றது படங்களின் எடை. கைப்பேசியில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்.பி. அவற்றை அப்படியே ஏற்றியிருந்தோம். அதற்கு மேல் தானாக நகரும் படவரிசை, மெல்லத் தோன்றும் எழுத்து என்று அலங்காரங்கள். முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. மழைக்கால சிக்னலில் எங்கள் வீட்டிலிருந்தே எங்கள் பக்கம் திறக்க நான் ஒரு தம்ளர் காப்பி குடித்து முடித்திருக்கிறேன். படங்களை எடை குறைந்த வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றி ஒவ்வொன்றையும் 200 கே.பி.க்குள் கொண்டுவந்து, படவரிசையை எடுத்துவிட்டு ஒரே படத்தை வைத்த பிறகு பக்கம் உடனே திறந்தது. வேகம் மட்டும் தரவரிசையைத் தூக்கிவிடாது. ஆனால் திறக்காத பக்கத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

உண்மையில் எங்களை ஏற்றிவிட்டது இவை எதுவும் அல்ல, எழுத்துதான். சர்ச் கன்சோலில், எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்த அன்று எனக்கு ஒரு திகைப்பு. 'ஆர்கானிக்', 'பிரீமியம்' என்று நாங்கள் எழுதியிருந்த சொற்களை ஒருவரும் தேடவில்லை. 'மலைப்பூண்டு விலை', 'கொடைக்கானல் பூண்டு ஒரு கிலோ', 'பிரசவ லேகியத்துக்கு எந்தப் பூண்டு', 'மலைப்பூண்டு எப்படிக் கண்டுபிடிப்பது' என்றுதான் தேடியிருந்தார்கள். பாதிப்பேர் தமிழ் எழுத்தில் தட்டியிருந்தார்கள், மீதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்; இணையத்தில் ஒழுங்காக ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

எழுதினேன். பல்லின் நிறம் எப்படி இருக்கும், உரிக்கும்போது காரம் எப்படி மூக்கில் ஏறும், தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும்படி ஏன் தொங்கவிடுகிறோம், அப்படி வைத்த பூண்டு ஏன் மாதக்கணக்கில் சுருங்காமல் இருக்கிறது, விதைக்கு எடுத்துவைக்கும் பூண்டை எப்படிப் பொறுக்குகிறோம் என்று எங்கள் பரணில் நானே எடுத்த படங்களோடு எழுதினேன். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரைப் பெட்டியில் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு பக்கம் நான்கு மாதத்தில் 'மலைப்பூண்டு' தேடலில் முதல் பக்கத்துக்கு வந்தது. அதன் பின்னால் விற்பனைப் பக்கமும் ஏறியது. இன்று மாதம் இருபத்தைந்து, முப்பது பார்சல் போகிறது. பெரிய வியாபாரம் என்று நான் சொல்லவில்லை. மண்டிக்குப் போகும் மூட்டைகளில் இரண்டு குறைந்திருக்கின்றன, எங்கள் வீட்டுக்கு அது பெரிது.

நடுவில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பக்கங்களின் பெயரை மாற்றியபோது முகவரிகளும் மாறிவிட்டன. முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திசைமாற்றம் போட வேண்டும்; பில்டரின் செட்டிங்ஸிலேயே அதற்கு இடம் உண்டு. அதோடு, முகவரியைத் தமிழில் வைத்தால் பகிரும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டு பயமுறுத்துகிறது என்பதால் ஆங்கில எழுத்தில் சிறிதாக வைத்துக்கொண்டேன். பில்டரின் பெயர் ஒட்டிய இலவச முகவரியில் நீங்கள் இருந்தால் முதல் செலவாகச் சொந்த டொமைன் (தளத்துக்கு உங்கள் பெயரிலேயே ஒரு முகவரி) வாங்குங்கள். பிறகு எந்தக் காரணத்துக்காகப் பில்டரை மாற்றினாலும், அதுவரை சேர்ந்த பெயர் உங்களோடு வரும்.

என் மனத்தில் இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. எங்கிருந்தோ வரும் சாதாரணப் பூண்டை 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று பெயரிட்டு விற்கும் பக்கங்கள் சில தேடல்களில் எங்களுக்கு மேலே நிற்கின்றன. ஒரு தளத்தில் எங்கள் பரண் படத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள். காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பி அனுப்பிய பிறகு தேடலில் இருந்து அந்தப் பக்கம் நீங்கியது. ஆனால் படத்துக்குத்தான் அந்த வழி. பெயரை எடுத்தாள்பவரைத் தேடுபொறி எதுவும் கேட்பதில்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போலிப் பக்கத்தின் பின்னாலும் ஓட இரண்டு ஏக்கர் பூண்டுக்காரரால் முடியுமா? எங்களால் முடிந்தது, உண்மையான பூண்டை எப்படி அடையாளம் காண்பது என்று அவர்களைவிடத் தெளிவாக எழுதுவதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயரைத் தேடினால்கூட வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் உங்களுடையதும் தரவரிசைப் பிரச்சினை அல்ல, தளம் கூகுளில் சேராத பிரச்சினையாகத்தான் இருக்கும். முதலில் அந்தப் பொத்தானைப் பாருங்கள், பிறகு சர்ச் கன்சோலில் காரணத்தைப் பாருங்கள். தங்க ஆட்கள் நேரில் வரும் இடம் என்பதால் கூகுள் பிசினஸ் புரொஃபைல் கட்டாயம் தொடங்குங்கள். வரைபடத்தில் தெரிவதற்கு அதுதான் வழி, அதற்குக் கட்டணம் கிடையாது.

அதன் பிறகு எழுதுங்கள். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மேலே வரும் சாலை மழையில் எப்படி இருக்கும், கடைசிப் பேருந்து எப்போது, காப்பிப் பழம் பறிப்பதைப் பார்க்க எந்த மாதம் வர வேண்டும் என்று எழுதுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வாகனங்களில் வர இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி வந்ததிலிருந்து, மலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் பற்றித் தேடுகிறார்கள். தாண்டிக்குடிக்கு வருபவருக்கு அது எந்தப் பாதையில் எப்படிப் பொருந்தும் என்று தேதி போட்டு எழுதி, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வையுங்கள். அந்த 45,000 ரூபாய்க்காரரால் இந்தப் பக்கங்களை எழுத முடியாது. நோஇண்டெக்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், எந்தப் பில்டர் என்று கீழே எழுதுங்கள். பையன் இந்த வாரம் ஊரில்தான் இருக்கிறான், கேட்டுச் சொல்கிறேன்.