நூறு மின்னஞ்சல்கள்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. முடித்தேன். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. நூறு பேராசிரியர்களுக்காவது மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன், ஒருவரும் பதில் போடவில்லை. வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். என் கல்லூரியின் பெயர்தான் தடையா? அனுப்பிய மின்னஞ்சலை இணைத்துள்ளேன்.

ச.

அன்புள்ள ச.,

கல்லூரிப் பெயருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறுக்கமாட்டேன். பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வான கேட்டில் நல்ல மதிப்பெண் அதைப் பெருமளவு சரிக்கட்டிவிடும். ஆனால் உங்கள் மின்னஞ்சலைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, மெஷின் லேர்னிங், பிளாக்செயின், ஐஓடி எல்லாவற்றிலும் ஆர்வம் என்கிறீர்கள். பேராசிரியரின் வேலையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தினமும் இப்படிப் பத்து வந்தால் யார் பதில் போடுவார்கள்?

ஒரே ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றோடு இரண்டு வாரம் கிடங்கள். அதன் நிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்தால் இறக்கி ஓட்டுங்கள். பெரும்பாலும் கட்டுரையில் உள்ள எண் உங்களுக்கு வராது. ஏன் வரவில்லை என்று தேடும்போதுதான் கேட்கத் தகுந்த கேள்வி கிடைக்கும். என்னிடம் படித்த ஒரு பெண், ஒரு பேராசிரியருக்கு, அவர் கட்டுரையின் இரண்டாவது அட்டவணையில் உள்ளதைவிடத் தனக்கு மூன்று சதவீதம் குறைகிறதே என்று ஐந்தே வரியில் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது: "உங்கள் பேட்ச் சைஸ் (பயிற்சியில் ஒரு தடவைக்குக் கொடுக்கும் தரவின் அளவு) என்ன?" இப்போது அவருடைய ஆய்வகத்தில்தான் இருக்கிறாள்.

அப்புறம், எம்.டெக். முடித்துத்தான் ஆராய்ச்சிக்குள் வர வேண்டும் என்றில்லை. சென்னை ஐஐடியில் எம்.எஸ். இருக்கிறது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) எம்.டெக். ரிசர்ச். இரண்டிலும் ஆய்வுதான் பிரதானம். நேர்காணலில் லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் அடிப்படையிலிருந்து கேட்பார்கள், அதற்குத் தயாராகுங்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

வீட்டு நெருக்கடிக்கு ப்ராஜெக்ட் வேலைகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பேராசிரியருக்கு வரும் ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் தருவார்கள். மத்திய அரசு நிதியில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்தால், 2023-லிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கேட்டில் தேர்ச்சி பெற்ற பி.இ. பட்டதாரிக்கும் இது கிடைக்கும். அறிவிப்புகள் சில வாரங்களே திறந்திருக்கும். ஆகவே கல்வி நிறுவனங்களின் துறை இணையப் பக்கங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். ஆய்வகத்தில் ஓராண்டு உட்கார்ந்தால் ஆராய்ச்சி உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இதை அம்மா அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எந்தக் கட்டுரை என்று முடிவானதும் எழுதுங்கள். நானும் படித்துப் பார்க்கிறேன்.