வாசகர் கேள்வி–பதில்: சோபாவில் சாம்பார், மை, சிறுநீர்

கேள்வி: எங்கள் வீட்டு வெளிர்நிறத் துணி சோபாவில் சாம்பார் கொட்டிவிட்டது. உடனே சோப்புத்தூளைக் கரைத்து அழுத்தித் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை செந்நிறமாக மாறி, இன்னும் அகலமாகப் பரவிவிட்டது. துணி பாழாகிவிட்டதா?
– வாசகி, திருச்சி

பதில்: பாழாகவில்லை, கவலை வேண்டாம். ஆரத்திக்காக மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் அது சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சோபாவில் நடந்ததும் அதுவே. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். துணி துவைக்கும் சோப்புத்தூள் காரத்தன்மை உடையது.

முதலில் இருக்கையின் அடியில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டைப் பாருங்கள். பல நிறுவனங்கள் அதில் ஆங்கில எழுத்துகளால் குறிப்புத் தருகின்றன. 'டபிள்யூ' என்றிருந்தால் நீர் படலாம். 'எஸ்' என்றிருந்தால் நீர் கூடாது, கரைப்பான் (கறையைக் கரைக்கும், நீர் கலவாத திரவம்) மட்டுமே. 'எக்ஸ்' என்றிருந்தால் தூசு உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொண்டு, கறையைத் தொழில்முறையாளரிடம் விட்டுவிடுவது நல்லது.

நீர் படலாம் என்றால், ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்துப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். செந்நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும்; ஆகவே தாளித்த எண்ணெயோடு சேர்ந்தே அது இழைகளில் ஊறியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலக்கி, மேலே எழும் நுரையை மட்டும் எடுத்து ஒற்றுங்கள். பின்னர் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நுரையை முழுவதும் எடுத்துவிட வேண்டும்; சட்டையைப் போல சோபாவை அலச முடியாது என்பதால், தங்கிவிடும் சோப்பு அதே இடத்தில் புதிதாக அழுக்கைச் சேர்க்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இலேசான மஞ்சள் நிற்கத்தான் செய்யும். மேலும் தேய்க்காமல், சன்னல் வெயில் கறைமேல் விழும்படி சோபாவைத் திருப்பிப் போடுங்கள். குர்குமின் ஒளியில் சிதையக்கூடியது. மற்ற பகுதிகளின் நிறம் வெளுக்காமலிருக்க அவற்றைப் போர்வையால் மூடிவிடுங்கள்.

கேள்வி: சோபாவின் கைப்பிடியில் என் மகன் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிவிட்டான். கை சுத்திகரிப்பான் தடவச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கோவை

பதில்: அதிலுள்ள ஆல்கஹால்தான் மையைக் கரைக்கிறது. ஆனால் கூடவே இருக்கும் கூழும் வாசனைப் பொருளும் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டே மேல். அதைக் கறைமேல் ஊற்றாமல் பஞ்சில் நனைத்து ஒற்றுங்கள். பஞ்சு நீலமானதும் உடனே வேறு பஞ்சு எடுக்க வேண்டும். இல்லையெனில் எடுத்த மையையே திரும்பத் துணியில் பூசியவர் ஆவீர்கள். கண்ணுக்குத் தெரியாத பின்பகுதியில் முதலில் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் சில துணிகளின் சாயத்தையும் ரெக்சினின் மேற்பூச்சையும் ஸ்பிரிட் கரைத்துவிடும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக் கூடாது.

கேள்வி: குழந்தை சிறுநீர் கழித்த இடத்தை எத்தனை முறை துடைத்தாலும் வாடை போகவில்லை. உறையைக் கழற்றி இயந்திரத்தில் துவைக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: உறையில் ஜிப் இருப்பதாலேயே அதைத் துவைக்கலாம் என்று பொருளில்லை, பெரும்பாலும் ஃபோமை உள்ளே நுழைப்பதற்காகவே அது வைக்கப்படுகிறது. துவைத்துச் சுருங்கிய உறை மீண்டும் ஃபோமின் மேல் ஏறாது. வாடை தங்கியிருப்பது உள்ளே இருக்கும் ஃபோமில்தான் என்பதால், மேல்துணியைத் துடைப்பதால் பயன் குறைவு. சிறுநீரின் கழிவுப் பொருள்களைச் சிதைக்கும் நொதி கலந்த துப்புரவுத் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன; சிறுநீர் இறங்கிய ஆழம்வரை அது இறங்குமாறு நனைத்து, புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம்வரை விட்டு, உலர்ந்த துண்டை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு மெத்தையை நிமிர்த்தி வைத்து, இருபுறமும் மின்விசிறிக் காற்றுப் படும்படி உலர்த்துங்கள். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே அடைமழை நாள்களில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். பிளீச்சிங் திரவத்தை மட்டும் அந்த இடத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து அது நுரையீரலைத் தாக்கும் வாயுவை உண்டாக்கும்.