கொட்டேஷனை டிராயரில் வையுங்கள்

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரம். கடையிலும் குடோனிலுமாக 7 கணினி, எல்லாமே விண்டோஸ் 10. சப்போர்ட் முடிந்துவிட்டது, ஏழையும் மாற்றியாக வேண்டும் என்று கணினி விற்பவர் கொட்டேஷன் கொடுத்துவிட்டார். மெஷின்கள் நன்றாகத்தானே ஓடுகின்றன? — வாசகர், ஈரோடு

பதில்: ஓடும், இன்னும் பல வருஷம்கூட ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் நின்றது பாதுகாப்பு அப்டேட்தான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை உங்கள் கணினியில் அடைபடாமலே கிடக்கும். 2017 மே மாதம் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளையே முடக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் நினைவிருக்கிறதா? அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். உங்களுக்கு இனி பணம் கட்டாமல் போடுவதற்கே ஒன்றும் வராது.

அதற்காக ஏழையும் தூக்கிப் போட வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினிக்கும் பின்னால் குனிந்து பாருங்கள், என்னென்ன ஒயர் செருகியிருக்கிறது என்று. இதை யாரும் செய்வதில்லை, அப்புறம் அவஸ்தைப்படுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் புதுக் கணினி வாங்கி வைத்த பிறகுதான் பார்த்தார்கள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அந்த அகல பின்னைச் செருக அதில் இடமே இல்லை. தீபாவளி நேரத்தில் நாலு நாள் கையால் பில் எழுதினார்கள். பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், ஜிஎஸ்டிக்குக் கையெழுத்துப் போடும் டோக்கன், கணக்கு சாஃப்ட்வேர், எல்லாமே விண்டோஸ் 11-ல் வேலை செய்யுமா என்று விற்றவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எது தேறும் என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசசரிலிருந்து, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால், விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம். டிபிஎம் இல்லை என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், பல மதர்போர்டுகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் அடிப்படை செட்டிங்கில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் பயாஸில் கை வைக்குமுன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கணினி அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும்.

பேங்க், ஜிஎஸ்டி பார்க்கும் கணினியை முதலில் மாற்றுங்கள். குடோனில் லேபிள் மட்டும் அடிக்கும் பழசு இருந்தால் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அப்படியே ஓட்டலாம், பென் டிரைவ் மட்டும் செருகவிடாதீர்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பேக்கப். எடுத்ததோடு விடாமல் வேறு கணினியில் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: பணம் கட்டினால் அப்டேட் தொடர்ந்து வருமாமே? இலவசமாகவே கிடைக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். — அதே வாசகர்

பதில்: வரும். நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு, அதிகபட்சம் 3 வருஷம். மொத்தம் 427 டாலர். இரண்டாம் வருஷம் சேர்ந்தால் முதல் வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்று நீங்கள் கேள்விப்பட்டது வீட்டுக் கணினிக்கு. மாற்றவே முடியாத ஒன்றிரண்டு மெஷினுக்கு ஒரு வருஷம் கட்டலாம், ஏழுக்கும் கட்டுவது வீண்.