கல்யான் அணைந்த குளிர்காலம்

கேள்வி: ஈரான் மக்கள் ஷாவை, அதாவது மன்னரை, எதிர்த்துத் தெருவுக்கு வந்தது 1979 புரட்சியில்தானே? அதற்கு முன்பு அடங்கித்தான் கிடந்தார்களா?

பதில்: இல்லவே இல்லை. என்னிடம் கேட்டால் கதையைப் புகையிலையில்தான் தொடங்குவேன்.

1890இல் நாசிருத்தீன் ஷா, டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஏகபோக உரிமை எழுதிக் கொடுத்தார். ஈரானில் விளையும் புகையிலையை வாங்குவது, விற்பது, ஏற்றுமதி செய்வது எல்லாம் 50 ஆண்டுகளுக்கு அவர் கையில். ஷாவுக்கு வருஷத்துக்கு 15,000 பவுண்டும் லாபத்தில் கால் பங்கும். தன் நிலத்தில் விளைந்த இலையை விவசாயி அந்நியக் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். வியாபாரி அவர்களிடமே வாங்க வேண்டும். ஆணும் பெண்ணும் கல்யான் பிடித்த நாடு அது. ஹூக்காவுக்கு அங்கே அதுதான் பேர்.

1891இல் ஷிராஸில் எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் தப்ரீஸ், இஸ்ஃபஹான், டெஹ்ரான். டிசம்பரில், இன்றைய ஈராக்கின் சமாராவில் இருந்த மூத்த மதகுரு மிர்சா ஹசன் ஷிராசியின் பெயரில் ஒரு ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வந்தது. இனிப் புகையிலையைத் தொடுவது, மறைந்திருக்கும் இமாமை (திரும்பி வருவார் என்று ஷியாக்கள் நம்பும் தலைவரை) எதிர்த்துப் போர் செய்வதற்குச் சமம் என்றது. அவ்வளவுதான், கல்யான்கள் அணைந்துவிட்டன. அரண்மனைக்குள் ஷாவின் மனைவியரே தொட மறுத்தார்கள். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும். நாட்டுக்கே உத்தரவு போடுகிறவரால் தன் வீட்டில் ஒரு கல்யானைப் பற்றவைக்கச் சொல்ல முடியவில்லை.

1892 ஜனவரியில் டெஹ்ரானில் திரண்டவர்களைச் சுட்டார்கள். உயிர்கள் போயின. ஆனாலும் அந்த மாதமே ஒப்பந்தம் ரத்தானது. கம்பெனிக்கு நஷ்டஈடாக 5 லட்சம் பவுண்டு கடன் வாங்கிக் கட்டினார் ஷா. அந்தக் கடன் மக்கள் தலையில் விழுந்ததுதான் எனக்கு ஆறாத கோபம்.

சேர்ந்து எதிர்த்து நின்ற அந்தப் பழக்கம் அடுத்த தடவை கைகொடுத்தது. 1905 டிசம்பரில், சர்க்கரை விலையை ஏற்றிவிட்டார்கள் என்று டெஹ்ரான் கவர்னர் வியாபாரிகளின் உள்ளங்காலில் அடி கொடுக்கச் செய்தார். பஜார் மூடியது. 1906 கோடையில் 12,000 பேருக்கு மேல் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தஞ்சம் புகுந்து நியாயம் கேட்கும் இந்த வழக்கத்துக்கு 'பஸ்த்' என்று பெயர். ஒவ்வொரு தொழில் பிரிவினருக்கும் தனிக் கூடாரம், பெரிய கொப்பரைகளில் சமையல். ஆகஸ்ட் 5 அன்று, அப்போது மன்னராக இருந்த முசஃபருத்தீன் ஷா மக்கள் மன்றம் அமைக்க ஒப்புக்கொண்டார். ஈரானின் முதல் மஜ்லிஸ், அதாவது நாடாளுமன்றம், அப்படிப் பிறந்ததுதான்.

கேள்வி: 2022இல் பெண்கள் முக்காட்டைக் கழற்றி எரித்ததைப் பார்த்தோம். அந்த மஜ்லிஸில் பெண்களுக்கு என்ன கிடைத்தது?

பதில்: ஒன்றுமில்லை. 1906 தேர்தல் சட்டத்தில் ஓட்டுரிமை இல்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. கொலைகாரர், திருடர், திவாலானவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பெண்களும் அதே பட்டியலில்தான். அவர்களுக்கு ஓட்டு கிடைத்தது 1963இல். 57 வருஷம் காத்திருந்தார்கள்.